எல்லாம் உண்டு, ஒன்றிரண்டாக: டி மாயின் என்னும் நடுத்தர நகரம்

எட்வர்ட் ஹாப்பர் 1927இல் வரைந்த ‘ஆட்டோமேட்’ ஓவியத்தை அச்சில் பார்க்காதவர்கள் குறைவு. இரவு நேரத்து உணவகம், வட்ட மேசை, காபிக் கோப்பையோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர் நியூயார்க்குக்குப் போய்ப் பயனில்லை. அயோவா மாநிலத்தின் தலைநகரமான டி மாயினுக்குப் போக வேண்டும். அங்குள்ள கலை மையத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பப்படாத நாட்களில் படத்தின் முன்னால் யாரும் முண்டாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கட்டடமே தனியாகப் பார்க்கத் தகுந்தது. 1948இல் எலியல் சாரினென் எழுப்பினார், 1968இல் ஐ. எம். பெய் ஒரு பகுதியைச் சேர்த்தார், 1985இல் ரிச்சர்ட் மையர் இன்னொரு பகுதியைச் சேர்த்தார். நகரின் நடுவே 2009இல் திறந்த பாப்பாஜான் சிற்பப் பூங்காவும் எல்லோருக்கும் இலவசம். வெள்ளை எழுத்துகளாலேயே ஆன பெரிய மனித உருவம் ஒன்றின் வயிற்றுக்குள் குழந்தைகள் புகுந்து விளையாடுகிறார்கள்.

2020 கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் வசிப்பவர்கள் 2,14,133 பேர். புறநகர்களையும் சேர்த்தால் ஏழு லட்சத்துக்குச் சற்று மேல்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஒஹாயோவிலிருந்து கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டாக்கள் வரை உள்ள 12 மாநிலங்களை மிட்வெஸ்ட் என்று வகுத்திருக்கிறது. இந்தப் பரப்பில் சிகாகோ போன்ற பெருநகரமும் உண்டு, ஒரு பெட்ரோல் பங்க்கும் தானியக் கிடங்கும் மட்டுமே உள்ள சிற்றூர்களும் உண்டு. நடுவில் நிற்பவை டி மாயின், ஒமாஹா, மேடிசன், ஃபோர்ட் வேன், கிராண்ட் ராபிட்ஸ் போன்றவை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஐ.டி. வேலைக்குப் போகிற பலருக்கு முதல் அமெரிக்க முகவரி இப்படிப்பட்ட ஓர் ஊரில் அமைந்துவிடுகிறது. புறப்படும் முன் காதில் விழுவது இரண்டே செய்திகள்: வீடு மலிவு, குளிர் அதிகம். இரண்டும் உண்மைதான். ஆனால் குடும்பத்தோடு போய் ஆண்டுக்கணக்கில் வாழப்போகிறவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதாது.

டி மாயினின் பிழைப்பு இன்ஷூரன்ஸ். 1867இல் ஃபிரெடரிக் ஹப்பெல் ‘ஈக்விடபிள் ஆஃப் அயோவா’வைத் தொடங்கினார். 1879இல் எட்வர்ட் டெம்பிள் தொடங்கிய சங்கம் வளர்ந்து இன்றைய ‘பிரின்சிபல்’ ஆனது. மாநிலத்திலேயே உயரமான கட்டடம், 630 அடி, அந்த நிறுவனத்துடையது. பிரீமியத்தின் மீது மாநிலம் போடும் வரி குறைவு என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் வந்தன. கணக்குப் போடுகிறவர்கள், பாலிசி எழுதுகிறவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள், அந்த ஆட்களுக்காக மேலும் நிறுவனங்கள் வந்தன. பாலிசிகள் கணினிக்குள் போன பிறகு மென்பொருள் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இந்தியர்களுக்கு அந்த வாசல் திறந்தது இப்படித்தான். பரபரப்பில்லாத தொழில், ஆனால் பொருளாதாரம் ஆடும்போதும் எளிதில் சாயாத தொழில்.

அந்தச் சம்பளம் இங்கே எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதுதான் ஊரின் பெரிய கவர்ச்சி. 2024இல் அமெரிக்காவில் கைமாறிய பழைய வீடுகளின் இடைநிலை விலை 4,00,000 டாலரைத் தாண்டியது. டி மாயின் நகர எல்லைக்குள் ஒரு சாதாரண வீடு 2,00,000 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. முன்புறம் புல்வெளி, பின்புறம் மரம், கீழே பேஸ்மென்ட். கலிஃபோர்னியாவில் இரண்டு சம்பளம் வரும் குடும்பமும் எட்டிப் பிடிக்கத் தவிப்பதை இங்கே ஒற்றைச் சம்பளக்காரர் வாங்கிவிட முடியும். வீட்டுவரி மட்டும் கொஞ்சம் கடுமை, அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 3,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

பணத்தைவிட மதிப்பான இன்னொன்று மிச்சமாகிறது: நேரம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் சராசரியாக இருபது நிமிடம்தான். நாட்டின் சராசரி அதைவிட ஆறேழு நிமிடம் அதிகம். பெருநகரங்களில் ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். ஐந்து மணிக்கு வேலை முடித்தவர் ஐந்தரைக்குப் பிள்ளையின் கால்பந்துப் பயிற்சியில் நிற்கலாம், ஆறரைக்கு வீட்டில் சேர்ந்து சாப்பிடலாம். ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பார்த்தால், குழந்தை வளர்வதை உடனிருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. இந்த ஊரின் சிறப்புகளில் இதற்கே முதலிடம் தர வேண்டும்.

ஊரின் அளவு தரும் இன்னொரு பலம், தனி மனிதரின் குரல் இங்கே கேட்கிறது. 1948 ஜூலையில் எட்னா கிரிஃபின் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு நகர மையத்திலிருந்த ஒரு கடையில் ஐஸ்கிரீம் தர மறுத்தார்கள். அவர் விடவில்லை. மறியல், வழக்கு, மேல்முறையீடு என்று போய், அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் கடை மேலாளரின் தண்டனையை உறுதிசெய்தது. இனப்பாகுபாட்டை எதிர்த்த, புகழ்பெற்ற மாண்ட்கமரி பேருந்துப் போராட்டத்துக்கு ஏழு ஆண்டு முந்திய கதை இது. 1965 டிசம்பரில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன மாணவர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கருத்துரிமை உண்டு என்று 1969இல் தீர்ப்பானது. இன்றுவரை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. 1975இல் லாவோஸ், வியட்நாம் பகுதிகளிலிருந்து தப்பிய தாய் தாம் இனத்தாரை ஒரே சமூகமாகச் சேர்த்து ஏற்கும்படி வேண்டுகோள் வந்தபோது அயோவா ஆளுநர் ராபர்ட் ரே சம்மதித்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். முதலில் வந்தவர்கள் சுமார் 1,200 பேர். ஆசியாவுக்கு வெளியே அந்த இனத்தார் மிகுதியாக வாழும் இடம் இன்று அயோவாதான்.

இதே ஊரில் அநீதியும் நடந்தது. ஜாஸ் இசைக்கும் கறுப்பினத்தார் நடத்திய கடைகளுக்கும் பேர்போன சென்டர் ஸ்ட்ரீட் பகுதி, 1960களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும் நெடுஞ்சாலைக்காகவும் இடிக்கப்பட்டது. இன்று புறநகர்க்காரர்களை இருபது நிமிடத்தில் அலுவலகம் சேர்க்கும் சாலை அதன் ஓரமாகத்தான் ஓடுகிறது.

ஊரார் கூடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலைகளில் கோர்ட் அவென்யூவில் 1975 முதல் உழவர் சந்தை நடக்கிறது. ஆகஸ்ட் மாதத்து மாநிலக் கண்காட்சிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். முழுக்க வெண்ணெயால் செய்த பசு 1911 முதல் அங்கே நிற்கிறது. ஜனாதிபதி ஆக ஆசைப்பட்ட பலரும் அந்த மைதானத்தில் வியர்த்துக்கொண்டு நின்று, விவசாயியின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1976இல் ஜிம்மி கார்ட்டரையும் 2008இல் ஒபாமாவையும் நாடு திரும்பிப் பார்த்தது, ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் நடந்த அயோவாவின் முதற்சுற்று முடிவுக்குப் பிறகுதான். 2020இல் முடிவுகளைச் சேர்க்கும் செயலி பழுதாகிக் குழப்பம் வந்தது, அதன்பின் ஜனநாயகக் கட்சி அந்த முதலிடத்தைப் பறித்துவிட்டது.

தமிழர்களுக்கு இந்த ஊரோடு ஒரு நேர்த் தொடர்பும் உண்டு. அயோவாவில் பிறந்த நார்மன் போர்லாக் நிறுவிய உலக உணவுப் பரிசின் தலைமையகம் டி மாயின் ஆற்றங்கரையில், பழைய பொது நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. 1987இல் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன்.

இனி மறுபக்கம். டி மாயினில் எல்லாம் இருக்கிறது, ஆனால் பலவும் ஒன்றோ இரண்டோதான் இருக்கின்றன. அந்த ஒன்று சரியாக நடக்கும்வரை குறை தெரியாது. அது கைவிட்டால் அடுத்ததைத் தேட ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும். ஒரு நடுத்தர நகரத்தில் குடியேறுகிறவர் எடை போட வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

வேலையை எடுத்துக்கொள்வோம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், புதிய வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். டல்லாஸிலோ சியாட்டிலிலோ அதே தொழிலில் நூறு கதவு தட்டலாம். டி மாயினில் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய நிறுவனங்களே பெரிய அளவில் ஆள் எடுக்கின்றன, அவையும் ஒரே துறையைச் சுற்றியவை. மலிவான வீட்டை ஆசையாக வாங்கியவர், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவில் வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்துக்கு ஓட வேண்டிய நிலை வரும். கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கும் இந்தியர்களுக்கு இந்த ஆபத்து ஒரு நாளும் நீங்குவதில்லை.

இதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. 1902இல் இங்கே தொடங்கிய மெரிடித் பதிப்பு நிறுவனம், ‘பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்’ பத்திரிகையை நாட்டின் வீடுதோறும் கொண்டுபோன நிறுவனம், 2021 இறுதியில் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. சில மாதங்களில் ஆறு பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பு நின்றது, சுமார் 200 பேருக்கு வேலை போனது. வட்டி விகிதம் ஏறிய 2022 முதல், இங்கே வீட்டுக் கடன் பிரிவைப் பெரிதாக வைத்திருந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கி அலையலையாக ஆட்களைக் குறைத்தது. நியூயார்க்கில் ஒரு பத்திரிகை மூடினால் அதன் ஆசிரியர் அடுத்த தெருவில் வேலை கேட்கலாம். டி மாயினில் அந்த அடுத்த தெரு கிடையாது.

பயணமும் இதே கதைதான். விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது, வரிசையும் நீளமில்லை. ஆனால் சென்னைக்கு வர வேண்டுமானால் முதலில் சிகாகோ போன்ற பெரிய நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய், பிறகு சென்னை விமானம் பிடிக்க வேண்டும். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நள்ளிரவில் போன் வரும்போது இந்த மூன்று விமானக் கணக்கு நெஞ்சை அடைக்கும். பயணிகள் ரயில் நகரத்தைத் தொடுவதே இல்லை. சிகாகோவிலிருந்து மேற்கே போகும் ஆம்ட்ராக் வண்டியைப் பிடிக்கத் தெற்கே நாற்பது மைலுக்கு மேல் காரில் ஓசியோலாவுக்குப் போக வேண்டும். மினியாபொலிஸ் காரில் மூன்றரை மணி நேரம், சிகாகோ ஐந்து மணி நேரம். ஊருக்குள் பேருந்து ஓடுகிறது என்றாலும், கணவன் மனைவி இருவரும் வெளியே போகும் வீட்டில் இரண்டு கார் இருந்தே ஆக வேண்டும். கார் ஓட்டத் தெரியாமல் வந்து இறங்கும் துணைவிக்கு முதல் ஆண்டு வீட்டுச் சிறைதான். வந்த முதல் மாதமே ஓட்டுநர் உரிமத்துக்குப் பயிற்சி தொடங்குவது, சமையலறைப் பாத்திரம் வாங்குவதைவிட அவசரமான வேலை.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்வதால் நீட்ட வேண்டியதில்லை. ஜனவரி இரவில் சராசரியாக மைனஸ் 9 டிகிரி செல்சியஸ். ஆண்டுக்கு ஏறக்குறைய 90 செ.மீ. பனி விழுகிறது. வீட்டு வாசல் நடைபாதையில் விழுந்ததை அள்ளுவது வீட்டுக்காரர் பொறுப்பு. நகர மையத்தில் கட்டடங்களைத் தரைக்கு மேலே இணைக்கும் மூடிய பாலங்கள் சுமார் நான்கு மைல் நீளத்துக்கு ஓடுகின்றன. கோட்டு போடாமலே மதியச் சாப்பாட்டுக்குப் போய்வரலாம். அதன் விலையாக, கீழே தெருவில் கடைகளும் நடமாட்டமும் குறைந்துபோயின.

குளிரைவிட அஞ்ச வேண்டியவை புயல்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று ‘டெரேச்சோ’ எனப்படும் நேர்கோட்டுப் புயல் அயோவாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. சீடர் ராபிட்ஸில் காற்று மணிக்கு 140 மைல் வேகத்தைத் தொட்டதாகக் கணித்தார்கள். 2022 மார்ச் 5 அன்று டி மாயினுக்குத் தென்மேற்கிலுள்ள வின்டர்செட்டைத் தாக்கிய சூறாவளியில் அந்த மாவட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். சைரன் ஒலித்தால் பேஸ்மென்ட்டுக்குள் இறங்குவதைப் பிள்ளைகள் பள்ளியிலேயே பழகுகிறார்கள். இப்படி அடிக்கடி அடிபட்டதால் 2023இல் சில நிறுவனங்கள் அயோவாவில் வீட்டு இன்ஷூரன்ஸ் விற்பதையே நிறுத்திக்கொண்டன. மற்றவை பிரீமியத்தை ஏற்றின. வீடு மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

மனிதர்கள் எப்படி? தெருவில் எதிர்ப்படுகிறவர் வணக்கம் சொல்வார், பனியில் கார் சிக்கினால் முன்பின் தெரியாதவர் இறங்கித் தள்ளுவார். ‘அயோவா நைஸ்’ என்று அவர்களே பெருமையாகச் சொல்லும் குணம் அது. ஆனால் பள்ளிப் பருவ நண்பர்களும் சொந்தங்களும் பக்கத்திலேயே இருப்பதால், புதிதாக ஒருவரை வீட்டுக்குள் அழைக்க அவர்களுக்கு அவசரமில்லை. அந்த இடைவெளியைத் தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்குள் நிரப்பிக்கொள்கின்றன. இந்தியர்கள் நிறையப் பேர் மேற்குப் புறநகர்களில், வாகீ, வெஸ்ட் டி மாயின் பகுதிகளில் குடியிருக்கிறார்கள். வாகீயின் மக்கள்தொகை 2010இல் 13,790, 2020இல் 23,940. டி மாயின் நகரத்திலோ 1960இல் இருந்ததைவிட இன்று சில ஆயிரம் பேரே கூடுதல். புதுப் பள்ளிகளும் புது வீடுகளும் புறநகருக்குப் போக, பழைய நகரத்தின் பள்ளிகள் குறைந்த வசதியோடு கூடுதல் தேவையுள்ள பிள்ளைகளைத் தாங்குகின்றன. கோயிலுக்கு வடமேற்கே மாட்ரிட் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். சோள வயல்களுக்கு நடுவே நிற்கும் கோயில் அது. மாநிலத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் அங்கே கூடுவதால், பெருநகரத்தில் தெலுங்கர், தமிழர், குஜராத்தி எனத் தனித்தனியே கூடியிருக்கக்கூடியவர்கள் இங்கே ஒரே பந்தியில் உட்கார்கிறார்கள். அந்தச் சிறிய கூட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு எல்லோரையும் தெரியும். மனஸ்தாபம் வந்தால் ஒதுங்கி வேறு கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளத்தான் வழியில்லை.

எல்லாவற்றையும்விட வீடு பார்க்கிறவர்கள் விசாரிக்க மறப்பது தண்ணீரைத்தான். டி மாயின் ஆறும் ரக்கூன் ஆறும் நகரத்தில் சேர்கின்றன. குடிநீர் வருவது அவற்றிலிருந்துதான். 1993 ஜூலை 11 அன்று ரக்கூன் பெருக்கெடுத்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்தது. சுமார் 2,50,000 பேரின் குழாய்கள் வற்றின. மீண்டும் குழாயில் தண்ணீர் வரவே ஏறக்குறைய 12 நாள் ஆனது, அதைக் குடிக்கலாம் என்று சொல்ல மேலும் ஒரு வாரம் பிடித்தது. வெள்ளம் சூழ்ந்த ஊரில் மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

வெள்ளம் எப்போதாவது வருவது. நைட்ரேட் ஆண்டுதோறும் வருவது. அயோவாவின் மண் ஒரு காலத்தில் சதுப்பு. வயலுக்கு அடியில் குழாய் பதித்து நீரை வடித்துத்தான் அதை உலகின் செழிப்பான சோள நிலங்களில் ஒன்றாக மாற்றினார்கள். வசந்தகால மழையில் உரமும் பன்றிப் பண்ணைக் கழிவும் கரைந்து அதே குழாய்கள் வழியே நேரே ஆற்றுக்கு வருகின்றன. மாநிலத்தில் முப்பது லட்சத்துக்குச் சற்று மேல் மனிதர்கள், இரண்டு கோடிக்கு மேல் பன்றிகள். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது மத்திய அரசு விதி. அதைக் காப்பாற்ற 1990களின் தொடக்கத்தில் டி மாயின் கட்டிய நைட்ரேட் நீக்கும் ஆலை உலகின் பெரியவற்றுள் ஒன்று. 2015இல் குடிநீர் நிறுவனம் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உரத்தைக் கட்டுப்படுத்த மாநிலம் வைத்திருக்கும் திட்டம் விவசாயிகள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது. இதற்கிடையே வெஸ்ட் டி மாயினில் மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களும் வந்தன. 2022 ஜூலையில் அந்தப் பகுதி நீர்ப் பயன்பாட்டில் சுமார் 6 சதவீதம் அவற்றுக்குப் போனது.

2025 ஜூனில் நைட்ரேட் அளவு ஏறி, ஆலை முழு வேகத்தில் ஓடியும் சமாளிக்க முடியாத நிலை வந்தபோது, சுற்றுவட்டாரத்தில் சுமார் 6,00,000 பேருக்குப் புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள். புற்றுநோய் விகிதத்தில் நாட்டின் இரண்டாவது மாநிலமாக அயோவா இருப்பதற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மண்ணிலிருந்து பேஸ்மென்ட்டுக்குள் கசியும் ரேடான் வாயு, குடிப்பழக்கம் என வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. ரேடானுக்கு எளிய சோதனை உண்டு. அயோவாவின் 99 மாவட்டங்களும் ரேடான் மிகுந்த வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால், வீடு வாங்கும் முன் அதைச் செய்யாமல் கையெழுத்திடக் கூடாது.

கைக்குழந்தையோடு போகும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கலந்து கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நகரக் குழாய்த் தண்ணீர் தினமும் சோதிக்கப்படுகிறது. நகர எல்லையைத் தாண்டி, சொந்தக் கிணற்று நீர் உள்ள வீட்டில் குடியேறுகிறவர்தான் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் நைட்ரேட்டின் அடர்த்தி ஏறவே செய்யும். அதை நீக்குவது ஆர்.ஓ. வடிகட்டி.